பெட்டியின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் வேறு: மருந்து லேபிளைப் படிக்கும் முறை

சித்திரை வெயில் ஏறியதும் வேலூர் மருந்துக் கடைகளில் ஓஆர்எஸ், அதாவது பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல், கேட்டு வருபவர்கள் கூடிவிடுவார்கள். பவுடர் பாக்கெட்டும் கிடைக்கும், ஸ்ட்ரா ஒட்டிய 200 மில்லி பெட்டியும் கிடைக்கும். அந்தப் பெட்டிகள் சிலவற்றில் 2025 அக்டோபர் வரை ஒரு குழப்பம் இருந்தது. முன்பக்கம் கொட்டை எழுத்தில் பிராண்ட் பெயரோடு ஓஆர்எஸ் என்று இருக்கும். ஓரத்தில், பொடி ஆங்கில எழுத்தில், ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓஆர்எஸ் கலவை அல்ல’ என்று இருக்கும். பேதியில் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் தாய் எதைப் படிப்பாள்? கொட்டை எழுத்தைத்தான்.

இது ஒரு பெட்டியோடு முடியவில்லை. மூட்டுக்கு நல்லது என்று வாங்கும் கேப்ஸ்யூல் டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்கிறது. ஒரே மருந்து மாத்திரையாக வந்தால் சிவப்புக் கோடு, ஜெல்லாக வந்தால் கோடு இல்லை. இன்சுலின் பெட்டி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறது. உள்ளே மடித்து வைத்த தாள், திறந்த பிறகு வெளியே வைக்கலாம் என்கிறது. பார்த்துச் சலித்துப்போய், ‘சும்மா சட்டத்துக்காகப் போட்டிருக்காங்க’ என்று சிலர் எல்லா எச்சரிக்கையையும் ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் பயந்து டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டிலும் கெடுவது உடம்பு. இந்த முரண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் எந்த வரியை நம்பி நடப்பது என்று தெரிந்துவிடும்.

பஸ் பலகையும் நகைக்கடை விளம்பரமும்

காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் ஊர்ப் பலகை. பக்கவாட்டில் நகைக்கடை விளம்பரம். உள்ளே ‘படியில் பயணம் நொடியில் மரணம்’. மூன்றும் ஒரே பஸ்ஸில்தான் இருக்கின்றன. மூன்றையும் எழுதவைத்தவர்கள் வேறு வேறு. நகைக்கடை விளம்பரத்தைப் பார்த்து யாரும் பஸ் ஏறுவதில்லை.

மருந்துப் பெட்டியும் அப்படித்தான். பிராண்ட் பெயர், படம், ‘இயற்கையானது’, ‘உடனடி நிவாரணம்’ போன்றவை கம்பெனி தன் விருப்பப்படி போட்டவை. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் பயன்படுத்தக் கூடாது, எப்படி வைக்க வேண்டும் என்பவை சட்டம் போடச் சொன்னவை. இவைதான் ஊர்ப் பலகை.

இங்கே சட்டமும் ஒன்றல்ல. மருந்துக்கு 1940ஆம் ஆண்டுச் சட்டமும் 1945 விதிகளும். அழகுப் பொருளுக்கு அதே சட்டமும் 2020 விதிகளும். உணவுக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். கொசு விரட்டி திரவத்துக்கு 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதனால்தான் ‘குழந்தைகள் அறைக்கு ஏற்றது’ என்று விளம்பரம் செய்யும் கொசு விரட்டியிலும், வயலுக்கு அடிக்கும் மருந்து டப்பாவில் இருப்பதைப் போன்ற சாய்சதுரம் இருக்கிறது. அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சின் அளவைச் சொல்லும்: சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் நச்சு குறைவு என்று பொருள், இல்லவே இல்லை என்று பொருளில்லை.

எந்தச் சட்டம் பேசுகிறது என்று கண்டுபிடிக்க உரிம எண்ணைத் தேடினால் போதும். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின், முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தால் அது உணவு. தயாரிப்பு உரிமத்தைக் குறிக்கும் எம்.எஃப்.ஜி. லிக். நம்பர் அல்லது எம்.எல். என்று இருந்தால் பெரும்பாலும் மருந்து அல்லது அழகுப் பொருள். பெயருக்குப் பக்கத்தில் ஐ.பி. என்று இருந்தால் அது இந்திய மருந்துத் தரநூல் சொல்லும் அளவுகோலுக்குக் கட்டுப்பட்ட மருந்து.

இதுவரை பார்த்தது: பெட்டியில் கம்பெனியும் பேசுகிறது, சட்டமும் பேசுகிறது. அது மருந்துச் சட்டமா, உணவுச் சட்டமா என்பதை உரிம எண் காட்டிக்கொடுக்கும்.

‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’

மூட்டு கேப்ஸ்யூல், புரத மாவு, பல விட்டமின் டப்பாக்கள் எல்லாம் மருந்துக் கடையில்தான் விற்கின்றன. ஆனால் அவற்றில் பல உணவு உரிமத்தில் வருபவை. இவற்றுக்கு ‘ஹெல்த் சப்ளிமெண்ட்’, அதாவது சாப்பாட்டுக்குத் துணையாக எடுக்கும் சத்துப் பொருள், என்று பெயர். அந்த டப்பாவில் ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’ என்று கட்டாயம் எழுத வேண்டும். சாப்பிடாதே என்று அதற்குப் பொருளில்லை. நோயைக் குணமாக்கும் என்று மருந்துச் சட்டத்தின் கீழ் இதைச் சோதித்து அனுமதிக்கவில்லை என்றுதான் பொருள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுவது ஆபத்து என்பதை இந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது.

சித்த, ஆயுர்வேத மருந்துகளிலும் இப்படி ஒன்று உண்டு. லிங்கம், நேர்வாளம், எட்டி போன்ற நச்சுச் சரக்கு சேர்ந்த உள்மருந்தில் ‘மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்’ என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடச் சொல்கிறது விதி. தமிழில் இல்லாததால் நம் பக்கத்தில் அது கண்ணில் படுவதே இல்லை. முன்பக்கத்தில் ‘பக்கவிளைவு இல்லாதது’ என்றும் பின்பக்கத்தில் இந்த வரியும் சேர்ந்து இருந்தால் பின்பக்கத்தை நம்புங்கள்.

ஓஆர்எஸ்: லாக்கருக்கு இரண்டு சாவி

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இங்கே லேபிளைத் தவறாகப் படித்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

வங்கி லாக்கரைத் திறக்க வங்கியின் சாவியும் வேண்டும், நம் சாவியும் வேண்டும். சிறுகுடலின் உட்சுவரில் அப்படி ஒரு வாசல் இருக்கிறது. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதுகூட இந்த வாசல் வேலை செய்யும். சோடியம் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் சேர்ப்பது ருசிக்காகவோ தெம்புக்காகவோ இல்லை. அது இரண்டாவது சாவி.

ஆனால் அந்தச் சாவி அளவோடு இருக்க வேண்டும். குளுக்கோஸ் அளவுக்கு மீறினால் வாசலில் நெருக்கடியாகி மிச்சம் குடலிலேயே தங்கிவிடும். ஊறுகாய்க்கு வெட்டிய மாங்காயில் உப்பைப் போட்டால் தண்ணீர் விடுகிறதே, அதே போல அந்த மிச்சச் சர்க்கரை உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்கு இழுக்கும். பேதி கூடும். ஒரு லிட்டரில் எவ்வளவு துகள்கள் கரைந்திருக்கின்றன என்ற கணக்குக்கு ஆஸ்மோலாரிட்டி என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கலவையில் அது 311. அதைக் குறைத்தால் பேதியும் வாந்தியும் குறைகின்றன என்று தெரிந்ததால் 2002இல் 245 ஆக்கினார்கள். பாக்கெட்டில் 245 என்ற எண்ணைப் பார்த்தால் அது இதுதான்.

ஒரு லிட்டருக்கான அளவு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். இதை வைத்து எந்தப் பெட்டியையும் எடை போடலாம். 200 மில்லிக்குக் குளுக்கோஸ் 2.7 கிராம்தான் வர வேண்டும். கையிலிருக்கும் 200 மில்லி பெட்டியில் சர்க்கரை பதினைந்து, இருபது கிராம் என்று போட்டிருந்தால் அது பேதிக்குக் கொடுக்கும் கரைசல் இல்லை, இனிப்புப் பானம். மருந்து உரிமத்தோடு, சரியான கலவையில், குடிக்கத் தயாராக வரும் பெட்டிகளும் இருக்கின்றன. அதனால் வடிவத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் பெயரைச் சேர்த்துக்கொள்ள, மறுப்பு வாசகம் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் இடம் கொடுத்தது. முன்பக்கப் பெயரைப் பின்பக்க வாசகம் மறுத்ததற்குக் காரணம் இதுதான். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2025 அக்டோபர் 14 அன்று ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. பெயர் மாறினாலும் அதே பானம் கடையில் தொடரலாம் என்பதால் எண்ணைப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டாம்.

சரியான பவுடரை வாங்கிய பிறகும் ஒரு தவறு நடக்கிறது. பாக்கெட் இரண்டு அளவில் வரும். ஏறத்தாழ 21 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு. 4 கிராமை ஒட்டி வரும் சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு, அதாவது ஒரு டம்ளருக்கு. பெரிய பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்காகும். இரத்தத்தில் சோடியம் ஏறி குழந்தைக்கு வலிப்பே வரலாம். சின்ன பாக்கெட்டை லிட்டர் பாட்டிலில் போட்டால் உப்பு போதாது. பாதி பாக்கெட்டைக் கண்ணளவில் கொட்டிக் கரைப்பதும் வேண்டாம், உப்பும் சர்க்கரையும் பாக்கெட்டுக்குள் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கொதித்து ஆறிய தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கரைத்த பிறகு கொதிக்கவைக்கக் கூடாது. சர்க்கரை, எலுமிச்சை எதுவும் சேர்க்கக் கூடாது.

இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு பேதிக்கும் பிறகு 50 முதல் 100 மில்லி. அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம். கண் குழிவிழுந்து, சிறுநீர் நின்று, குழந்தை துவண்டு போனால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாக்கெட் கிடைக்காத இரவில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் இனிப்புப் பானத்தைவிட எவ்வளவோ மேல். மாவுச்சத்துக்கும் பேதிக்கும் உள்ள தொடர்பை நம் ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் மக்காச்சோள மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால் காலரா பேதி குறைகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2000இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

சிவப்புக் கோடு எதைச் சொல்கிறது

மாத்திரை அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோட்டை ‘பவர் அதிகம்’ என்று பலர் நினைக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதற்கு ஷெட்யூல் எச் என்று பெயர். அந்தப் பட்டியலில் உள்ளது என்பதற்கான அடையாளம்தான் கோடு. கோட்டோடு சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் இருந்தால் அது ஷெட்யூல் எச்1. சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, தூக்கமாத்திரை போன்றவை அதில் வரும்; யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

வலிக்கான டைக்ளோஃபினாக் மாத்திரையில் கோடு இருக்க, ஜெல்லில் பெரும்பாலும் இல்லாமல் போவது ஏன்? மேலே தடவும் மருந்துகளைப் பட்டியலின் விதி பொதுவாக விலக்கி வைத்திருக்கிறது. தோல் வழியாக இரத்தத்தில் சேரும் அளவு குறைவு என்பது அதன் அடிப்படை. ஆனால் அந்த விலக்கால் பெரிய தீங்கும் நடந்தது. படர்தாமரைக்கும் முகம் வெளுக்கவும் ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் வாங்கித் தடவினார்கள். ஸ்டீராய்டு அரிப்பை இரண்டு நாளில் அடக்கும். பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். வட்டத்தின் விளிம்பு மங்கி, படை பரவிக்கொண்டே போகும். 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளையும் ஷெட்யூல் எச்சில் சேர்த்தார்கள். வீட்டு அலமாரியில் கிடக்கும் களிம்பில் பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர் இருந்தால், கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தோல் டாக்டரைக் கேட்காமல் படைக்குப் போடாதீர்கள்.

நான்கு மாத்திரை வாங்கும்போது கடைக்காரர் கத்தரியால் அட்டையை வெட்டித் தருவார். காலாவதி தேதி அச்சான முனை பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். நம் கைக்கு வருவது பெயரின் கடைசி மூன்று எழுத்தும், பாதிக் கோடும்தான். ‘அண்ணா, பேரும் தேதியும் இருக்கிற பக்கமா வெட்டிக் குடுங்க’ என்று கேளுங்கள். முடியாது என்றால் முழு அட்டையின் பின்பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் காந்தி ரோட்டுக் கடைகளில் வெளிமாநில நோயாளிகளுக்காக வங்காளத்தில்கூடப் பலகை வைத்திருக்கிறார்கள். அட்டை மட்டும் எல்லோருக்கும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அந்தப் படம் இருந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டவாவது முடியும்.

சுருக்கமாக: கோடு என்றால் சீட்டு வேண்டும். கோடு இல்லை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று பொருளில்லை.

கோடு இல்லாத பாராசிட்டமால்

பாராசிட்டமாலுக்குச் சீட்டு தேவையில்லை. ஆனால் தினசரி அளவை மீறினால் கல்லீரல் கெடும் என்று அதே அட்டையில் எச்சரிக்கை இருக்கிறது. இரண்டும் உண்மை. கல்லீரல் இந்த மருந்தை உடைக்கும்போது கொஞ்சம் நச்சுக் கழிவு உண்டாகிறது. தெருவுக்குத் தினமும் ஒரு குப்பை வண்டி வருவதைப் போல, அந்தக் கழிவை அள்ளிப்போக உடம்பில் ஒரு பொருள் இருக்கிறது. குப்பை நான்கு மடங்கானால் வண்டி நிரம்பி, மீதி தெருவிலேயே கிடக்கும். கல்லீரல் செல்களை அரிப்பது அந்த மீதிதான்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் உச்ச வரம்பு. தினமும் மது குடிப்பவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் இன்னும் குறைவு. தெரியாமலேயே இதை மீறுபவர்கள் உண்டு. காய்ச்சலுக்கு 650 மூன்று வேளை: 1950 மில்லிகிராம். சளி மாத்திரைக்குள் இருக்கும் 500 மூன்று வேளை: 1500. முதுகுவலி மாத்திரைக்குள் இருக்கும் 325 இரண்டு வேளை: 650. கூட்டினால் 4100. மூன்று அட்டையிலும் பெரிய எழுத்தில் வேறு வேறு பிராண்ட் பெயர். சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப் பெயரை, அதாவது ஜெனரிக் பெயரை, படித்தால்தான் மூன்றும் ஒன்றே என்று தெரியும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பாட்டிலில் அசிட்டமினோஃபென் என்று இருந்தால் அதுவும் பாராசிட்டமால்தான். அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பார். ஆஸ்பத்திரியில் தரும் நச்சுமுறி மருந்து எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

குழந்தைகள் மருந்தில் ‘5 மில்லி’ என்ற சொல் ஏமாற்றும். சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராமும் வரும், 250ம் வரும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து ஒரே மில்லிக்கு 100 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 125 மில்லிகிராம் என்றால், முதல் பாட்டிலில் 5 மில்லி, இரண்டாவதில் 2.5, சொட்டு மருந்தில் 1.25 மட்டும். சொட்டு மருந்தை சிரப் மூடியால் 5 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். ஒரு பாட்டிலின் மூடியை இன்னொரு பாட்டிலுக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

க்ளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. அதற்கு முன்பு வாங்கிய பாட்டிலில் அந்த வரி இருக்காது. ஒரே மருந்தின் இரண்டு பாட்டில்கள் முரண்பட்டால் புதியதை நம்புங்கள்.

25 டிகிரிக்குக் கீழே, ஆனால் வேலூரில்?

மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ‘25 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்பதைப் படித்தால் நடக்கிற காரியமா என்று தோன்றும். சாதாரண மாத்திரைகள் சில நாள் சூட்டைத் தாங்கும். அடுப்பு மேடை, டிவி மேல், ஃப்ரிட்ஜின் தலை, வண்டி டிக்கி ஆகிய நான்கு இடங்களையும் தவிர்த்து உள்ளறை அலமாரியில் வைத்தால் பெரும்பாலும் போதும்.

இன்சுலின் அப்படி இல்லை. திறக்காதது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்ததை அறை வெப்பத்தில் 28 நாள் வைத்துப் பயன்படுத்தலாம் என்று பல கம்பெனித் தாள்கள் சொல்கின்றன. அந்த அறை வெப்பம் 25 அல்லது 30 டிகிரி வரைதான். ஓட்டு வீட்டு மதியம் அதில் அடங்காது. திறந்த பாட்டிலையும் கோடையில் ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் சின்ன பானையை வைத்து, நடுவில் மணல் நிரப்பி, மணலைத் தினமும் இரண்டு வேளை நனையுங்கள். பாட்டிலை பிளாஸ்டிக் டப்பாவில் மூடி உள்பானையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். உள்ளே வெளியைவிடப் பல டிகிரி குறையும்.

கண் சொட்டு மருந்தில் காலாவதி 2027 என்று இருக்கும். கீழே ‘திறந்த ஒரு மாதத்துக்குள்’ என்றும் இருக்கும். முதல் தேதி சீல் உடையாத பாட்டிலுக்கு. மூடியைத் திருகியதும் கிருமி நுழைய வழி பிறந்துவிடுகிறது, அப்போது இரண்டாவது கணக்கு தொடங்குகிறது. அதனால் திறக்கும் அன்றே பாட்டிலில் பேனாவால் தேதி எழுதுங்கள். நான்கு வாரக் கெடு உள்ள மருந்தை அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே 4 அன்று திறந்தால், பாட்டிலில் பாதி மிச்சமிருந்தாலும் ஜூன் 1 அன்று அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.